நாவரசு தெளிவுபடுத்திய வெள்ளம்

ஒரு காட்டில், ஆறு இரண்டாகப் பிரிந்து ஓடி, கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஒன்றாகச் சேரும் இடத்தில், ஒரு திட்டு இருந்தது. சுற்றிலும் தண்ணீர், நடுவில் பச்சைப்பசேலென்று புல்லும் மரமும். அங்கே குடியிருந்த விலங்குகளுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பேச்சுக்கும் குறைவில்லை, குழந்தைகளே. அந்தப் பேச்சால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

திட்டின் ஓரத்தில், தண்ணீரை ஒட்டிய ஒரு வளையில் சுருளி என்ற முள்ளெலி இருந்தாள். கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம் அவளுக்கு. நாலு பேர் சேர்ந்து அவளைப் பார்த்தால் போதும், முகத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு முள் பந்தாகிவிடுவாள். கேட்க நினைத்த கேள்வியும் வயிற்றுக்குள்ளேயே போய்விடும். அவளுக்கு மூன்று குட்டிகள். பிறந்து எட்டே நாள். இன்னும் கண் திறக்கவில்லை.

அந்தத் திட்டில் நாவரசு என்றொரு நரியும் இருந்தார். பெரிய மனிதர், மன்னிக்கவும், பெரிய நரி. அவர் பெரியவரான கதை சின்னதுதான். ஒரு தடவை தலைவர் காட்டெருமை, நாவல் மரத்தடிக்கு யாரும் போகக் கூடாது என்று கட்டளை போட்டார். பழத்தையெல்லாம் தாமே தின்னப் பார்க்கிறார் என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். அப்போது நாவரசு எழுந்து, அந்த மரத்தில் குளவி கூடு கட்டியிருக்கிறது என்று சொன்னார். ஒரே வரி. முணுமுணுப்பு அப்படியே அடங்கிவிட்டது.

எப்படித் தெளிவுபடுத்திவிட்டார் பார் என்று தலைவர் மெச்சிப்போனார். நாவரசுக்குத் தெளிவுரைஞர் என்று ஒரு பட்டம் கொடுத்தார். பட்டத்தோடு தினமும் ஒரு மீனும் கொடுத்தார். அதோடு விட்டாரா? ஒரு சட்டமும் போட்டார். இனிமேல் எந்தச் செய்தி வந்தாலும் அது முதலில் தலைவர் காதுக்கும் நாவரசு காதுக்கும் மட்டும்தான் போக வேண்டும். பச்சைச் செய்தியை அப்படியே கேட்டால் மற்றவர்கள் கலவரப்படுவார்களாம். நாவரசு அதைத் தெளிவுபடுத்திச் சொல்வார். அதற்குப் பிறகுதான் யாரும் இருந்த இடத்தை விட்டு அசைய வேண்டும்.

தெளிவுபடுத்துவது என்றால் என்ன? புரியாததைப் புரியும்படி சொல்வது. அவ்வளவுதான் அதன் பொருள், உங்களுக்கே தெரியும். ஆனால் அந்தத் திட்டில் அந்தச் சொல் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. மாயாண்டி என்ற குரங்கு அடுத்தவர் அத்திப்பழத்தைத் தின்றுவிட்டுக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டால், ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன் என்று ஆரம்பிப்பான். அவன் முடிக்கும்போது பழத்தைப் பறிகொடுத்தவர்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார். முயல் பஞ்சவர்ணம் பசிக்கிறது என்று சொல்வதையே விட்டுவிட்டாள். தன் வயிற்றின் நிலையைத் தெளிவுபடுத்துவதாகச் சொல்லி உட்காருவாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள்.

பேசி முடித்தவர் ‘தெளிவாயிற்றா?’ என்று கேட்பார். கேட்டவர்கள் எல்லோரும் ‘தெளிவாயிற்று’ என்று தலையாட்ட வேண்டும். ஆட்டாதவரைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். சுருளியும் ஆட்டுவாள். எல்லோருக்கும் புரிகிறது, தனக்கு மட்டும்தான் மூளை மட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

ஒரு நாள் உச்சிவேளையில், ஆற்றின் மேல்பக்கத்திலிருந்து ஒரு மீன்கொத்தி வேகமாகப் பறந்து வந்தான். வளவளவென்று பேசுவது அவனுக்குப் பிடிக்காது. சட்டப்படி தலைவரிடமும் நாவரசிடமும் மட்டும் செய்தியைச் சொன்னான். சொல்லிவிட்டு, பக்கத்து மருத மரத்துக் கிளையில் உட்கார்ந்து இறகை உலர்த்த ஆரம்பித்தான்.

அவன் சொன்ன செய்தியை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். மலையில் பேய்மழை. பொழுது சாயும்போது வெள்ளம் வந்து திட்டையே மூடிவிடும். அதற்குள் கிழக்குப் பக்கத்துப் பாறைகளைத் தாண்டி எல்லோரும் அக்கரைக்குப் போய்விட வேண்டும். அவ்வளவுதான் செய்தி. ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

நாவரசு அதை ஒரு மூச்சில் சொல்வாரா? கூட்டம் கூட்டச் சொன்னார்.

சுருளி குட்டிகளுக்குப் பால் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து, கூட்டத்தின் கடைசியில் நின்றாள். நாவரசு ஒரு பாறை மேல் ஏறி, வாலை ஒரு சுழற்று சுழற்றிவிட்டு ஆரம்பித்தார். முதலில் வெள்ளம் என்பதைத் தெளிவுபடுத்தினார். வெள்ளம் மூன்று வகைப்படுமாம். வருகிற வெள்ளம், வந்த வெள்ளம், வரக்கூடும் என்று எதிர்பார்க்கப்படுகிற வெள்ளம். அடுத்தது போதல். போதல் நான்கு வகையாம். நடந்து போதல், பறந்து போதல், நீந்திப் போதல், போகாமலேயே போக எண்ணுதல். இந்த நான்கில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு உட்பிரிவு உண்டு என்றார். கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது.

சுருளிக்கு வெள்ளம் என்ற சொல் மட்டும் காதில் முள்ளாகத் தைத்தது. வளை தண்ணீர் ஓரத்தில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் முதலில் நிறைவது அதுதான். ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு போய் விட்டுவிட்டு, திரும்பி வந்துதான் அடுத்ததை எடுக்க வேண்டும். எங்கே போவதானாலும் மூன்று நடை. சரி, எங்கே போவது? மேற்கே மணல் இறக்கம் இருக்கிறது, கிழக்கே பாறைகள் இருக்கின்றன, நடுத்திட்டில் ஒரு புற்றுமேடு இருக்கிறது. அந்த ஒன்றைச் சொல்வார், சொல்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“தெளிவாயிற்றா?” என்றார் நாவரசு.

தெளிவாயிற்று என்று எல்லோரும் தலையாட்டினார்கள். சுருளியின் தலையும் பழக்கத்தில் ஆடிவிட்டது. ஆடிய பிறகுதான் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

பக்கத்தில் நின்ற பஞ்சவர்ணத்தை மெதுவாக இடித்து, “அக்கா, உங்களுக்குப் புரிந்ததா?” என்று கேட்டாள்.

பளிங்கு மாதிரி புரிந்துவிட்டது என்றாள் முயல். அப்படியானால் எங்கே போக வேண்டும் என்று கேட்டாள் சுருளி. முயல் ஒரு நிமிடம் காதை ஆட்டி யோசித்தாள். இது முன்னுரைதானாம், அதையெல்லாம் பின்னால் சொல்வாராம். சுருளி மாயாண்டியிடம் போய்க் கேட்டாள். அவன் அவளையே திருப்பிக் கேட்டான், நீ என்ன புரிந்துகொண்டாய் என்று. எனக்கு ஒன்றும் புரியவில்லையே அண்ணா என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள், நீ புரிந்துகொண்டதேதான் நான் புரிந்துகொண்டதும் என்று சொல்லிவிட்டுக் கிளையில் தாவிவிட்டான்.

சுருளி வளைக்கு ஓடினாள். குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. ஆனால் வாசலில் ஓடிய தண்ணீர் காலையில் பார்த்த தண்ணீர் இல்லை. செம்மண் நிறமாகியிருந்தது. சருகும் சுள்ளியுமாக அடித்துக்கொண்டு வந்தது. ஒரு குட்டியைக் கவ்வினாள். மேற்கே நாலு அடி வைத்தாள். மேற்கு சரியில்லை என்று தோன்றியது. கிழக்கே நாலு அடி வைத்தாள். கிழக்கில்தான் வெள்ளம் அடிக்குமோ என்று பயம் வந்தது. புற்றுமேட்டைப் பார்த்தாள். அது போதிய உயரமா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. குட்டியைப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டுத் திரும்பக் கூட்டத்துக்கே ஓடி வந்தாள். வேறு என்ன செய்வாள்?

அங்கே நாவரசு இரண்டாவது உரையில் இருந்தார். முதல் உரையில் சிலருக்குச் சில இடங்கள் தெளிவாகாமல் போயிருக்கலாம் என்பதால் அதைத் தெளிவுபடுத்துகிறாராம். பொழுது சாய்வது என்றால் என்ன என்பதில் நின்றுகொண்டிருந்தார். பொழுது சாய்கிறதா, அல்லது பொழுது அப்படியே நிற்க நாம்தான் சாய்கிறோமா என்று கேட்டு, கேள்வியை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு, ஓரம் என்பதற்கும் கரை என்பதற்கும் உள்ள நுட்பமான வேறுபாட்டுக்குப் போனார். சுருளிக்குத் தலை சுற்றியது. முதல் உரை முடிந்தபோது வெள்ளம் என்றாவது ஒன்று மனதில் நின்றது. இப்போது அதுவும் நிஜமா பொய்யா என்று சந்தேகமாகிவிட்டது.

இரண்டாவது முறையாகத் தெளிவாயிற்றா என்று கேட்டார். இரண்டாவது முறையாக எல்லோரும் தலையாட்டினார்கள். தலைவர் காட்டெருமைதான் எல்லோரையும் விட பலமாக ஆட்டினார். கொம்பு பட்டுப் பக்கத்துக் கிளை முறிந்தது.

மூன்றாவது உரை, இரண்டாவது உரையைத் தெளிவுபடுத்துவதற்காக. இதற்குள் வெயில் மஞ்சளாகிவிட்டது. மர நிழல்கள் கிழக்கே நீண்டுகொண்டே போயின. இருட்டுவதற்குள் என்று வைத்துக்கொண்டு சுருளி மனதுக்குள் கணக்குப் போட்டாள். முதல் உரையின்போதே கிளம்பியிருந்தால் நிதானமாக மூன்று நடை நடந்திருக்கலாம். இப்போது ஓடினால்தான் மூன்று. இந்த உரையும் முடிந்தால் இரண்டுதான். இரண்டு நடை என்றால் இரண்டு குட்டி. மூன்றாவது எது? எதை விட்டுவிட்டு வருவது? அந்த நினைப்பு வந்ததும் அவள் கால் அவளைக் கேட்காமலேயே முன்னால் நடந்தது.

முள் குத்தியவர்கள் எல்லோரும் வழிவிட்டார்கள். சுருளி நாவரசின் பாறைக்கு முன்னால் வந்து நின்றாள். பேச்சு நின்றது. அத்தனை கண்ணும் அவள் மேல் விழுந்தது. அவள் முதுகு முள் சிலிர்த்தது. முகம் வயிற்றுக்குள் போகப் பார்த்தது. பாதி போயும் விட்டது. அப்படியே உருண்டுகொண்டால் எவ்வளவு நிம்மதி! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தை வெளியே இழுத்தாள்.

“ஐயா, எனக்குப் புரியவில்லை,” என்றாள்.

மாயாண்டி களுக்கென்று சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கொட்டாவி விடுவதுபோல வாயைத் தடவிக்கொண்டான்.

நாவரசு அவளைக் கனிவாகப் பார்த்தார். எந்த இடம் புரியவில்லை, உட்பிரிவுகளா என்று கேட்டார்.

“எதுவுமே புரியவில்லை, ஐயா. எனக்குக் கண் திறக்காத குட்டிகள் மூன்று. ஒரு நடைக்கு ஒன்றைத்தான் கவ்விக்கொண்டு போக முடியும். எந்தப் பக்கம் போக வேண்டும்? எந்த நேரத்துக்குள் போக வேண்டும்? இந்த இரண்டை மட்டும் சொல்லுங்கள்.”

நல்ல கேள்வி என்றார் நாவரசு. இதைத் தெளிவுபடுத்துவதற்கு முன்னால் பக்கம் என்பது என்ன என்று பார்க்க வேண்டும் என்றார்.

“முன்னால் ஒன்றும் பார்க்க வேண்டாம், ஐயா. காலைத் தூக்கிக் காட்டுங்கள். போதும்.”

நாவரசு முன்னங்காலைத் தூக்கினார். அது கிழக்கே போனது. கொஞ்சம் தயங்கி வடக்கே திரும்பியது. பிறகு காதைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது. அவர் முகம் வெளுத்துவிட்டது. மனதுக்குள் துழாவிப் பார்த்தார். மூன்று வகை வெள்ளம் இருந்தது, நான்கு வகைப் போதல் இருந்தது, எட்டு உட்பிரிவும் இருந்தன. மீன்கொத்தி சொன்ன செய்தியை மட்டும் காணோம்.

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தன் குளம்பைப் பார்த்தார். நாவரசு எப்படியும் தெளிவுபடுத்துவார்தானே என்று, மீன்கொத்தி சொன்னபோது தலைவர் காது கொடுத்துக் கேட்கவே இல்லை. அதைத் தாழ்ந்த குரலில் ஒத்துக்கொண்டார்.

பஞ்சவர்ணம் அழுதுவிட்டாள். தனக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை என்றாள். மாயாண்டி தனக்கும் அதே கதிதான் என்றான். ஒருவர் சொன்னதும் எல்லோருக்கும் தைரியம் வந்து, ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். இத்தனை நாளும் ஒருவர் தலை ஆடுவதைப் பார்த்துத்தான் மற்றவர் தலை ஆடியிருக்கிறது. சுருளிக்குக் கோபம் கோபமாக வந்தது. கோபப்பட நேரமில்லை. அண்ணாந்து மருத மரத்தைப் பார்த்தாள்.

“தம்பி, நீ கொண்டுவந்த செய்தி என்ன?”

பச்சைச் செய்தி கேட்கக் கூடாது என்ற சட்டம் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. தலைவர் வாயைத் திறந்தார். ஆற்றில் ஒரு முழு மரம் வேரோடு உருண்டு போவதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

“வெள்ளம் வருகிறது,” என்றான் மீன்கொத்தி. “பொழுது சாய்வதற்குள் கிழக்குப் பாறைகளைத் தாண்டி அக்கரைக்குப் போங்கள்.”

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று பஞ்சவர்ணம் அவன் மேல் பாய்ந்தாள். யாரும் கேட்கவில்லையே என்று சொல்லிவிட்டு அவன் கிழக்கே பறந்தான்.

பிறகு அங்கே யாரும் எதையும் தெளிவுபடுத்தவில்லை. விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். தலைவரின் கனத்த குளம்புக்கு முன்னால் முயல் ஓடினாள், முயலுக்கு மேலே குரங்கு தாவினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் உயிர் அவரவருக்கு. சுருளி மட்டும் எதிர்ப்பக்கமாக, தன் வளைக்கு ஓடினாள்.

முதல் குட்டியை அவள் அக்கரை சேர்த்தபோது பாறைகள் உலர்ந்திருந்தன. இரண்டாவது குட்டியோடு போனபோது அலை பாறை மேல் ஏறி இறங்கியது. மூன்றாவது குட்டியை எடுக்கப் போனபோது வளைக்குள் தண்ணீர் நுழைந்துவிட்டது. குட்டி நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது. அதைக் கவ்விக்கொண்டு அவள் கிழக்கே வந்தபோது பாறைகளையே காணோம். ஒரே செந்நீர்.

திட்டின் கரையில் நாவரசு தனியாக நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் ஓடியபோது அவர் ஓடவில்லை. மறந்துபோன செய்தியைத் தாமே நினைவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று, உரையாற்றிய பாறை மேலேயே நின்று யோசித்திருக்கிறார். தண்ணீர் வாலைத் தொட்ட பிறகுதான் கீழே இறங்கினாராம். அந்த யோசனையில் மீன்கொத்தி சொன்னதில் கிழக்கு என்பது வரைக்கும்தான் காதில் விழுந்தது, வந்துவிட்டார். இனிமேல் எங்கே கால் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நடுங்கிக்கொண்டே சுருளியைப் பார்த்தார்.

“எனக்குப் புரியவில்லை, அம்மா,” என்றார்.

சுருளியால் பதில் சொல்ல முடியாது. வாயில் குட்டி. அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பாறைகளை இன்று நான்கு தடவை கடந்தவள் அவள். எது எங்கே இருக்கிறது என்று அவள் காலுக்குத் தெரியும். தண்ணீருக்குள் ஒரு காலை வைத்தாள். நின்றாள். அவர் அந்த இடத்தில் காலை வைக்கும்வரை காத்திருந்தாள். பிறகு அடுத்த காலை வைத்தாள்.

அப்படியே ஒவ்வொரு பாறையாகப் போனார்கள். தண்ணீர் அவள் வயிறுவரை ஏறியது. ஒரு இடத்தில் அவள் சறுக்கினாள். பின்னால் வந்த நாவரசு முகத்தைக் கொடுத்துத் தாங்கினார். மூக்கில் முள் ஏறியது. கத்தவில்லை, வாயைத் திறக்கவே இல்லை. அவள் கால் வைத்த இடத்தை விட்டு ஒரு விரற்கடைகூட அவர் தள்ளி வைக்கவில்லை. அவர்கள் அக்கரை ஏறித் திரும்பிப் பார்த்தபோது, அங்கே திட்டு என்று ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.

சுருளி குட்டியை மற்ற இரண்டோடு சேர்த்துப் போட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். எல்லா விலங்குகளும் அவர்களைச் சுற்றி வந்து நின்றார்கள். நாவரசு ஏதாவது பேசுவார் என்று அவர் வாயையே பார்த்தார்கள். ஆட்டுவதற்குச் சிலர் தலையைக்கூடத் தயாராக வைத்திருந்தார்கள், வெட்கம்கெட்டவர்கள்.

நாவரசு சுருளியைப் பார்த்தார்.

“புரிந்தது,” என்றார்.

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நனைந்த குட்டிகள் மேல் குளிர்காற்று அடிக்காமல், குறுக்கே வந்து படுத்துக்கொண்டார்.

நீதி: கேட்டவர் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று அறிந்தால்தான் அது விளக்கம், புரியவில்லை என்று சொல்லக் கூசுபவருக்கு அது ஒருநாளும் கிடைக்காது.